மேளப்பாரில் கேட்டது

பிப்ரவரி 9

சங்குமுனைக்கு வந்து சேர்ந்தேன். இது ஏழாவது வருடம். அமலோற்பவத்தின் வீட்டு மாடியில் அதே அறை. போன வருடம் மறந்துவிட்டுப் போன சோப்பு டப்பாகூட அதே இடத்தில் இருந்தது, சோப்பு மட்டும் இல்லை. "எலி தின்னுட்டு மேடம். ஒரு மாசம் நல்ல மணத்தோட அலைஞ்சது" என்றாள் அமலோற்பவம். கடற்கரையில் மீன் விற்றுப் பழகிய குரல் அவளுடையது, உச்சத்தில் நிற்கும். அவள் கணவர் தஸ்நேவிஸ்தான் என்னைத் தன் வள்ளத்தில் கடலுக்கு அழைத்துப் போகிறவர். கீழே நின்று ஏதோ சொன்னார். சிரித்துத் தலையாட்டினேன்.

அறையில் ஒரு புதுமை. ஜன்னல்களை அடைத்த பிறகும் கடல் கேட்கிறது. தலையணையில் காதை வைத்தால் இன்னும் கிட்டே வருகிறது. கரை அரித்துக்கொண்டு வருகிறதோ என்னவோ.

பிப்ரவரி 10

கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கான அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதினேன். வருடா வருடம் எழுதுவதுதான். எழுதும்போதெல்லாம் யாருக்கோ கதை சொல்வது போலிருக்கும்.

கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில், கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. பாறைத் திட்டை இங்கே பார் என்பார்கள். இதன் பெயர் மேளப்பார். மாசி, பங்குனியில் கத்தாழை மீன்கள் முட்டையிட அங்கே கூடும். அந்தி சாயும்போது ஆண் மீன்கள் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பையைத் தசையால் அடித்து ஒலி எழுப்பும். அந்தக் காலத்தில் துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையைக் காதில் வைத்து அதைக் கேட்பார்களாம். நான் கடலுக்குள் மைக் இறக்கி ஹெட்போனில் கேட்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிமிடத்துக்கு எத்தனை ஒலி என்று எண்ண வேண்டும். பருவத்தின் சராசரி முப்பதுக்குக் கீழே போனால் மே கடைசிவரை பாரை மூடிவிடுவது, மேலே இருந்தால் திறப்பது. நான் எண்ணைச் சொல்லும்வரை யாரும் அங்கே வலை போடுவதில்லை. ஊர்க் கமிட்டி ஆறு வருடங்களுக்கு முன் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருமுறை மூடினோம். அந்த வருடம் ஊரில் பாதி ஆண்கள் கொச்சிக்குப் போய் அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குத் தங்கல் கடல் பார்த்தார்கள், வாரக்கணக்கில் கரை திரும்பாத வேலை அது. தஸ்நேவிஸும் போனார்.

கணினியை எண்ணவிட முடியாது. பாறை இறால்களின் சடசடப்பில் அது குழம்பிவிடும். அதனால் ஒரே ஆள், ஒரே காது, ஒலியளவும் எப்போதும் ஒன்றே. இந்த விதியை எழுதியவள் நான்தான். கருவியின் குமிழில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். முதல் வருடத்திலிருந்து அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

பிப்ரவரி 12

முதல் அந்தி. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. போகும் வழியெல்லாம் தஸ்நேவிஸ் பேசிக்கொண்டே வந்தார். எஞ்சின் ஓடும்போது எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்.

"எடது காத எஞ்சின் தின்னுட்டு மேடம். வலது காதுதான் பாக்கி. அதையும் எங்க வீட்டுக்காரி தின்னுட்டு இருக்கா."

"அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. கேக்காத காதுப் பக்கமா நின்னுக்கிடுதேன்."

பாரின் மேல் எஞ்சினை அணைத்ததும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். கடலுக்கு மரியாதை போலிருக்கிறது.

மைக்கை இறக்கினேன். இறால்கள் சடசடவென்று, வாணலியில் கடுகு வெடிப்பது போல. கருவி நன்றாக இருக்கிறது. கத்தாழை வந்தது, ஒன்று, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு ஒன்று. ஈரப் பலகையை விரல் முட்டியால் தட்டுவது போல.

பத்தொன்பது.

போன வருடம் இதே நாட்களில் நாற்பத்துநான்கு. முதல் அந்திதானே.

பிப்ரவரி 14

சாம்பல் புதன். அமலோற்பவம் நெற்றியில் சாம்பலோடு வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போனாள். இந்த வருடம் கோயில் மணி அடிப்பதே இல்லையே, பழுதா என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தவக்காலம்லா மேடம்" என்றாள்.

பிப்ரவரி 17

இருபத்தொன்று. நேற்று பதினெட்டு.

பிப்ரவரி 19

மாதிரிக்காகத் தஸ்நேவிஸ் தூண்டிலில் பிடித்துக் கொடுத்த கத்தாழைகளை அமலோற்பவம் கீறிக் கொடுத்தாள். முட்டைப் பைகள் கொழுத்து, பழுத்த மாம்பழ நிறத்தில் இருந்தன. காதுக்கற்களை நான் எடுத்தேன். எல்லா மீனின் தலைக்குள்ளும் இப்படிக் கல் உண்டு, கத்தாழைக்கு மட்டும் பெரிது, அவரை விதை அளவுக்கு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மர வளையம் போல வருடங்கள் தெரியும். பெரும்பாலானவை இரண்டு வயது. பாரை மூடிய வருடத்தில் பிறந்தவை. இத்தனை குஞ்சுகள் பிழைத்து வளர்ந்திருக்கின்றன.

ஆனால் பார் பேசவில்லை.

முரண்பாடுதான், ஆனால் விளக்கம் உண்டு. கூட்டமாகச் சேரும் மீன்கள் குறைந்துகொண்டே போனாலும், மிச்சமிருப்பவை அதே இடத்தில்தான் கூடும். தூண்டில் போட்டால் கிடைத்துக்கொண்டே இருக்கும். கடைசிக் கூட்டம் பிடிபடும்வரை குறைவு தெரியாது. பல கடல்களில் இப்படி நடந்திருக்கிறது. கிடைத்த மீனை நம்பாதே, கடலில் இருப்பதை எண்ணு என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

ஒரு கல்லைக் கழுவித் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டேன். பால் வெள்ளை. அதை வைத்துத்தான் அந்த மீன் கடலைக் கேட்டது.

பிப்ரவரி 22

கனவு. மேளப்பாரின் மேல் நடந்துபோகிறேன், நீர் இடுப்பளவுதான். சுற்றிலும் மீன்கள் வாய் திறந்து மூடுகின்றன. அம்மா தூரத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுகிறாள்.

பிப்ரவரி 25

ஞாயிறு, கடலுக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். தங்கை பூங்கோதை திண்டுக்கல்லிலிருந்து பேசினாள். இந்த ஊரில் சிக்னல் எப்போதும் மோசம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச முடிகிறது.

"அக்கா, அதையே மூணு தடவ சொல்லிட்டேன். நீ வேற எதுக்கோ பதில் சொல்ற. அப்படியே அம்மா மாதிரி ஆயிட்ட."

போன தீபாவளிக்கு வந்தபோதும் அம்மா மாதிரி என்றாள். முன்நெற்றி நரையைச் சொல்கிறாள்.

அம்மா கடைசி வருடங்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். விசேஷ வீடுகளில் ஓர் ஓரமாக உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துப் புன்னகைப்பாள். சாந்தமான அம்மா என்று எல்லோரும் சொல்வார்கள். பஸ்ஸில் போகும்போது மட்டும் நிறையப் பேசுவாள்.

மார்ச் 1

இந்த வருடம் இந்த ஊர் ஆண்கள் எல்லோருக்கும் என்ன வந்தது. வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். கமிட்டித் தலைவர் பர்னபாஸ் வழியில் நிறுத்தி ஏதோ கேட்டார். முகத்தில் கவலை. பாரைப் பற்றித்தான் இருக்கும். "பார்க்கலாம்" என்றேன். அவர் திகைத்து நின்றார். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தியைச் சொல்லி, என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டாராம். பிறகு அமலோற்பவம் சொன்னாள்.

மார்ச் 4

பதினாறு. குமிழைத் தொட்டேன். திருப்பவில்லை.

கடல் அவ்வளவு அழகாக இருந்தது. மேற்கே கரை மங்கி, வானம் நீருக்குள் இறங்கி, எது எதற்குள் இருக்கிறது என்று தெரியாத ஒரு செம்மை. இந்த அமைதிக்குள்ளேயே தங்கிவிடலாம் போலிருந்தது. பயமும் அதனால்தான் வந்தது. காலியான கடலும் அழகாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது எஞ்சின் சத்தத்துக்கு நடுவே கேட்டேன். "தஸ்நேவிஸ், உங்களுக்கு என்ன தோணுது? பாருல மீன் இருக்கா?"

அவர் சுக்கானைப் பிடித்தபடி, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் இருக்குன்னா, பாரு தெறக்கணும்னு சொல்லுதேன்னு ஆயிரும். இல்லன்னா பொய்யி. என்னட்ட கேக்காதிய மேடம்."

"மூடினா திரும்பக் கொச்சிக்குப் போவீங்களா?"

"வேற எங்க போவ? அங்க அரிசிச்சோறு நல்லாதான் போடுவான். ஒரு மாசம் கழிச்சிக் கரைக்கு வந்தா தரை ஆடும், அதான் புடிக்காது."

பிறகு வேறெதையோ சொல்ல வாயெடுத்தார். என் காதைப் பார்த்தார், முகத்தைக்கூட அல்ல. சுக்கான் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 7

மைக்கைத் தொட்டி நீரில் போட்டுச் சோதித்தேன். பழுதில்லை. கம்பி, மின்கலம், ஹெட்போன், எதிலும் பழுதில்லை. சோதிக்க வேண்டியவற்றையெல்லாம் சோதித்துவிட்டேன்.

மார்ச் 11

கமிட்டியில் சொன்னேன். சராசரி பதினேழு.

கோயில் பக்கத்து அறை, பெஞ்சுகளில் ஆண்கள், வாசலில் பெண்கள். நான் சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள் என்று நினைக்கிறேன், வாய்கள் அசைந்தன. எனக்கு அது கண்ணாடிக்கு அப்பால் மழை பெய்வது போல இருந்தது. பர்னபாஸ் எழுந்து கையைக் காட்டி அமர்த்தினார். பார் மூடப்பட்டது. என்னை யாரும் குறை சொல்லவில்லை. போன முறை மூடியது பலித்தது என்று நம்புகிறார்கள், இந்த முறையும் நம்புகிறார்கள்.

தஸ்நேவிஸ் பின்வரிசையில் இருந்தார். நான் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டார்.

மார்ச் 14

காலையில் வள்ளத்தைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தஸ்நேவிஸ் விடியும் முன்பே கொச்சி பஸ் ஏறிவிட்டார். சொல்லிக்கொள்ள மாடிக்கு வந்து கதவைத் தட்டினாராம். நான் எழுந்திருக்கவில்லையாம்.

மார்ச் 15

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கல்லை உருட்டிக்கொண்டிருந்தேன். மதியம் முழுக்கத் தூக்கம்.

மார்ச் 18

இன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

வடக்கே வேறு இடத்தில் வலை போட்ட ஒரு வள்ளம் வந்தது. அமலோற்பவம் ஏலம் எடுக்கப் போனாள், நானும் போனேன். கூடையில் மேலாக ஒரு பெரிய கத்தாழை, உயிரோடு. பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"தூக்குங்க மேடம், பாட்டுக்காரன்" என்று அமலோற்பவம் அதை என் கைகளில் வைத்தாள்.

மீனின் வயிறு துடித்தது. உள்ளங்கைகள் இரண்டிலும் ஒரு சின்ன மேளம் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. மணிக்கட்டு வரை ஏறியது. பக்கத்திலிருந்த ஒருத்தி அதைப் போலவே குரல் எழுப்பிக் காட்ட, இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

நான் மீனைக் காதருகே கொண்டுபோனேன். கன்னத்தில் அதன் ஈரம் பட்டது. கைகள் அதிர்ந்துகொண்டே இருந்தன. என் காதில் எப்போதும் கேட்கும் அந்தக் கடல்தான் கேட்டது. வேறொன்றும் இல்லை.

அமலோற்பவம் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மீனை என் கையிலிருந்து வாங்கிக் கூடையில் போட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரவிய முத வாரமே சொன்னாவ. காது கேக்காதவனுக்குக் காது கேக்காத ஆளத் தெரியாதா? மேடமும் என்ன மாதிரியே சிரிச்சித் தலையாட்டுதாவன்னாவ."

"கோயில் மணி?"

"தெனமும் அடிக்கி மேடம்."

"ஏன் சொல்லல?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நாங்க எப்பிடிச் சொல்ல? உங்க காது சரியில்ல, பாரத் தெறந்து விடுங்கன்னா? மீனுக்காவச் சொல்லுதோம்னு ஆயிரும்லா. அவிய அதான் சொன்னாவ. அந்தம்மா ஆறு வருசமா நேர்மையாச் சொன்ன எண்ணு, அத நான் கெடுக்க மாட்டேன்னுட்டுப் போயிட்டாவ."

மார்ச் 20

தூத்துக்குடி. காது மருத்துவர் என்னைவிடச் சின்னப் பெண். இசைக்கவை ஒன்றைத் தட்டிக் காதுக்கு வெளியே பிடித்தார். எதுவுமில்லை. அதன் அடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்தார். தலைக்குள் ஒரு விளக்கு ஏற்றியது போல ஒலி நிறைந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"உள்காது நல்லா இருக்கும்மா. நடுக்காதுல ஒரு குட்டி எலும்பு அசையாம இறுகிடுச்சு. கனமான சத்தம்தான் முதல்ல போகும், ஆண்கள் குரல் மாதிரி. சுத்தி இரைச்சல் இருந்தா நல்லாக் கேட்கிற மாதிரி தோணும். ஆபரேஷன் இருக்கு, மெஷினும் இருக்கு. குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

இல்லை என்றேன். படியிறங்கிப் பாதி வந்து, திரும்ப ஏறிப்போய், அம்மாவுக்கு என்றேன்.

மீனின் காதுக்கற்களை வருடக்கணக்கில் வெட்டிப் படித்தவள் நான். இந்த எலும்பு அரிசிமணியில் பாதிகூட இருக்காதாம்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஊர்க்கதை முழுக்கச் சொன்னார். ஒரு சொல் விடாமல் கேட்டது. அம்மா பஸ்ஸில் ஏன் அவ்வளவு பேசினாள் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 21

நிலையத்துக்குத் தெரிவித்தேன். ஏழு வருடப் பதிவுகளும் பத்திரமாக இருக்கின்றன. எந்த வருடம் என்று தெரியாதபடி கலைத்துப்போட்டு, இந்த ஊரோடு சம்பந்தமில்லாத இருவர் தனித்தனியே கேட்டு எண்ணட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர்களுடைய காதுகளை முதலில் சோதித்துவிட்டு.

மார்ச் 24

குருத்து ஞாயிறு. பூசை முடிந்ததும் கமிட்டி. அமலோற்பவத்தைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன், ஆண்கள் சொல்வதை எனக்குத் திருப்பிச் சொல்ல.

நின்றுகொண்டே சொன்னேன். "எனக்குக் காது கேட்கவில்லை. நான் சொன்ன பதினேழு கடலின் எண்ணிக்கை அல்ல. எல்லாக் கருவியையும் சோதித்தேன், என்னைச் சோதிக்கவில்லை."

பர்னபாஸ் நீளமாக ஏதோ சொன்னார்.

"பாரத் தெறக்கவா மூடவான்னு கேக்காரு" என்றாள் அமலோற்பவம்.

"இவ்வளவுதானா சொன்னார்?"

"மிச்சம் கோயில்ல சொல்லக்கூடாதது."

தெரியாது, வேறு இருவர் கேட்கிறார்கள், அதுவரை பொறுக்க வேண்டும் என்றேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து கத்தினார், அது எனக்கே கேட்டது. "எங்காளுவ கொச்சியில கெடக்கானுவ. அவனுவ இங்க எழந்த வரும்படிக்கு யாரு பதில் சொல்ல?" பெஞ்சுகளில் குருத்தோலைகள் கிடந்தன. எல்லோரும் போன பிறகு அவற்றை எடுத்து அடுக்கி வைத்தேன்.

மார்ச் 28

நிலையத்திலிருந்து முடிவு வந்தது. இருவரும் எண்ணியது ஏறக்குறைய ஒன்றே.

இரண்டு வருடங்களுக்கு முன், நாம் மூடிய வருடம்: இருபத்தாறு. அன்று நானும் இருபத்தாறுதான் எழுதியிருந்தேன். போன வருடம்: ஐம்பத்தெட்டு. நான் எழுதியது நாற்பத்துநான்கு. இந்த வருடம்: அறுபத்துமூன்று. ஏழு வருடங்களில் இதுதான் அதிகம்.

மூடியது பலித்திருக்கிறது. அந்த வருடக் குஞ்சுகள் வளர்ந்து வந்து பாரை நிறைத்திருக்கின்றன. நான் நடுவில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, யாருமில்லை என்று எழுதியிருக்கிறேன்.

பர்னபாஸ் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஈஸ்டருக்கு அடுத்த வியாழன் பார் திறக்கிறது. இந்த முறை நானே கேட்டேன், பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று. காதருகே குனிந்து சொன்னார். செசிலி.

இனி எண்ணப்போகிறவர் வேறு ஒருவர். விதியில் ஒரு வரி சேர்த்தேன்: ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன் கேட்பவரின் காதைச் சோதிக்க வேண்டும். எழுதியது என் கைதான். பேனாவை மூடி வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மார்ச் 29

அமலோற்பவம் போனில் தஸ்நேவிஸைப் பிடித்துக் கொடுத்தாள். அவர் பக்கம் எஞ்சின் இரைச்சல், என் பக்கம் என் கடல். "வாங்க" என்று நான் கத்த, "என்னது" என்று அவர் கத்த, அமலோற்பவம் போனைப் பிடுங்கி ஒரே மூச்சில் முடித்தாள். "ரெண்டு செவிட்டுக்கும் நடுவுல நான் ஒருத்தி" என்றாள் என்னைப் பார்த்து. இந்த ஊரில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏப்ரல் 3

ஆபரேஷனுக்கு மே மாதம் நாள் குறித்திருக்கிறது. முழுக்கத் திரும்பும் என்று மருத்துவர் சொல்லவில்லை.

தஸ்நேவிஸ் ஈஸ்டருக்கு வந்துவிட்டார். கொச்சியில் விட்ட நாட்களைப் பற்றி நான் ஆரம்பித்தபோது, "தரை இன்னும் ஆடுது மேடம், அப்புறம் பேசுவோம்" என்று நிறுத்திவிட்டார். நாளைக்கு வலைகள் போகின்றன. இன்றைக்குப் பாரைப் பார்க்க வேண்டும் என்றேன். மைக் எடுத்துவரவில்லை.

அந்தி. எஞ்சின் நின்றதும் எல்லாம் அடங்கியது. நீர் இளஞ்சிவப்பு. துடுப்பை வாங்கிக் கடலில் இறக்கினேன். கைப்பிடி முனையைக் காதில் வைக்கவில்லை, காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்தி வைத்தேன்.

முதலில் மரத்தின் குளிர்ச்சி. பிறகு அது வந்தது. தட்டுகள் தட்டுகளின் மேல் விழுந்து, அருகிலிருந்தும் ஆழத்திலிருந்தும், ஒன்று ஓயும் முன் பத்து எழுந்து, ஒரு பெரிய திருவிழா தெருமுனையில் திரும்புவது போல என் தலைக்குள் வந்து நிறைந்தது. பல்லெல்லாம் அதிர்ந்தது. எல்லோரும் இருந்தார்கள். நான் பத்தொன்பது என்று எழுதிய அந்தியிலும் இப்படித்தான் இருந்திருப்பார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது செம்மை போய்விட்டிருந்தது.

"எவ்ளோ மேடம்?" என்றார் தஸ்நேவிஸ், எஞ்சின் ஓடாதபோதும் சத்தமாக, என் முகத்தைப் பார்த்து.

"எண்ணல."

அவர் என்னிடமிருந்து துடுப்பை வாங்கி, தன் வலது காதில் வைத்துக்கொண்டார்.